கர்த்தருக்கென்று செய்யும் வேலை எத்தனை மணிக்கு முடியும்?

கடிதம் எழுதிய சகோதரிக்கு வயது 41. ஒரு மருத்துவமனை லேபில் சீனியர் டெக்னீசியன், 16 வருட அனுபவம். ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் பணியில் இருந்தபோது, ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளின் ரத்த டியூபில் லேபிள் மாறிவிட்டது. ரிப்போர்ட் நோயாளியின் நிலைமைக்குப் பொருந்தவில்லையே என்று வார்டு மருத்துவர் உடனே கேட்டார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியானது, யாருக்கும் பாதிப்பில்லை. விசாரணையில், ரத்தம் எடுப்பதற்கு முன்பே டியூப்களில் லேபிள் ஒட்டி வைக்கும் பழக்கம்தான் காரணம் என்று தெரிந்தது. பழக்கத்தையே மாற்றினார்கள். ஆனால் இவருக்குள் அது முடியவில்லை. அடுத்த மாதமே சபையில் போதகர் கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார். "நீ ஒட்டுகிற லேபிளை ஆண்டவர் பார்க்கிறார்" என்று தன்னையே பார்த்துச் சொன்னதுபோல இருந்தது என்கிறார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு லேபிளையும் மூன்று முறை பார்க்கிறார். ஷிஃப்ட் முடிந்தபிறகும் இரண்டு மூன்று மணி நேரம் இருந்து ஜூனியர்கள் செய்ததை மறுபடி செய்கிறார். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நைட் ஷிஃப்டுக்கு போன் செய்து, "அந்த எண்ணுள்ள டியூபை ஒரு தடவை பாரம்மா" என்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அக்கா, உங்ககூட டூட்டி போட்டா எனக்குக் கை நடுங்குது" என்று அழுதிருக்கிறாள். "உனக்கு வேலைதான் ஆண்டவர்" என்று கணவர் சொன்னது முள்ளாகக் குத்துகிறது. பதவி உயர்வு இரண்டு முறை தன்னைவிட அனுபவம் குறைந்தவர்களுக்குப் போனது. கேட்பது பெருமை என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில், நான்கே வரியில், இன்னொரு விஷயமும் இருக்கிறது. மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கக் காலையில் போடும் கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே போன இரண்டு நாட்களில், "எல்லைக்குள் வரும்வரை திரும்பத் திரும்பப் போடுங்கள், வந்ததை மட்டும் எழுதுங்கள்" என்று பொறுப்பாளர் சொன்னார். அவரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய வேண்டுமே" என்று முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்.

அவர் கேட்பது இரண்டு. "ஆண்டவருக்கென்று வேலை செய்கிற எனக்கு ஏன் சமாதானம் இல்லை? இதையெல்லாம் விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா?"

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து வாசித்தேன். நான் உளவியல் ஆலோசகர், விசுவாசியும்கூட. இந்தக் கடிதத்துக்கு இரண்டுமாக இருந்துதான் பதில் எழுத முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீரம் லேசாக ரோஜா நிறத்தில் தெரிந்தால் அந்த டியூபை ஒதுக்கிவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, நோயாளிக்கு இல்லாத ஒரு அளவை மெஷின் காட்டும் என்பதால் அப்படிச் செய்கிறீர்கள். வார்டில் திட்டுகிறார்கள், நோயாளியின் உறவினர்கள் முறைக்கிறார்கள், இருந்தாலும் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள். பொட்டாசியம் சாதாரணமாக 3.5க்கும் 5க்கும் நடுவில் நிற்கிற விஷயம். தவறாக 6 என்று ஒரு ரிப்போர்ட் போனால், இதயம் நின்றுவிடுமோ என்று பயந்து மருத்துவர் மருந்து ஏற்றத் தொடங்கலாம். வெளிச்சத்தில் டியூபைத் தூக்கிப் பார்க்கிற அந்த இரண்டு விநாடி, விசுவாசம் வேலையில் எப்படித் தெரியும் என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடிய இடம். அது உங்களிடம் இருக்கிறது, அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் வேறொன்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வசனம் யாருக்கு எழுதப்பட்டது

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள்." இதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அதற்கு முந்தின வசனத்திலிருந்து வாசியுங்கள். நம் வேதத்தில் "வேலைக்காரரே" என்று தொடங்குகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் அடிமைகளைக் குறிப்பது. சம்பளமோ விடுமுறையோ பிறப்பால் வரும் சொத்தோ கேட்க முடியாதவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் பவுல், "சுதந்தரத்தின் பலனைக் கர்த்தரால் பெறுவீர்கள்" என்கிறார். சுதந்தரம் என்றால் பிள்ளைகளுக்குப் போகிற பங்கு. அது உலகத்தில் ஒரு அடிமைக்குக் கிடைக்காது. உங்களை ஒரு பொருளாக வைத்திருக்கிறார்கள், கர்த்தர் உங்களைப் பிள்ளையாக வைத்திருக்கிறார் என்று குனிந்திருந்தவர்களை நிமிர்த்த எழுதின வரி அது. அதையே வைத்து நீங்கள் உங்களைக் குனிய வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அங்கேயே நிறுத்தவும் கூடாது. "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்" என்று சற்றுப் பின்னாலேயே வருகிறது. அது 4ஆம் அதிகாரத்தின் முதல் வசனமாக நிற்பதால் பிரசங்கத்தில் பல சமயம் விட்டுப்போகிறது. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பவுல் எழுதும்போது இரண்டும் ஒரே மூச்சு. உங்கள் போதகர் சொன்னதில் தவறில்லை. பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை நடக்கிறது என்பதை நிர்வாகம் தெரிந்தே விட்டிருந்தால், நீதியும் செவ்வையும் என்ற சொற்கள் அவர்களையும் கேள்வி கேட்கின்றன.

இன்னொன்று, "பார்வைக்கு ஊழியம்" செய்யாதிருங்கள் என்கிறார் பவுல். அந்தச் சொல்லை வழக்கமாக, முதலாளி நிற்கும்போது மட்டும் ஓடி ஓடி வேலை செய்கிறவனுக்குச் சொல்வோம். உங்களிடம் மெதுவாகக் கேட்கிறேன். மூன்றாவது முறை லேபிளைப் பார்க்கும்போது யாருடைய பார்வைக்காகப் பார்க்கிறீர்கள்? நோயாளிக்காகவா, அல்லது "என்மேல் இனி யாரும் விரல் நீட்டக் கூடாது" என்பதற்காகவா? உங்களுக்குள்ளேயே ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்குக் காட்டத்தான் இத்தனையும்.

மூன்றாம் முறை பார்க்கும்போது நடப்பது

நிறையப் பார்த்தால் நிறைய உறுதி வரும் என்று நம்புகிறீர்கள். மனம் அப்படி வேலை செய்வதில்லை. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதை அணைத்து, அணைந்ததா என்று பார்க்க வேண்டும். இதையே மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார்கள். கடைசியாகப் பார்த்தது என்ன என்று கேட்டபோது, பலமுறை பார்த்தவர்களின் பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் காட்சி மங்கிவிட்டது, "நான் உண்மையில் பார்த்தேனா" என்ற சந்தேகம் கூடிவிட்டது. நினைவு கெடவில்லை, நினைவின் மேலிருந்த நம்பிக்கைதான் கெட்டது.

இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புகிறது இதுதான். மூன்று முறை பார்த்ததால்தான் உறுதி போனது. நாலாவது முறை பார்த்தால் இன்னும் போகும்.

கடிதத்தை வைத்து நோயின் பெயர் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் விவரிக்கும் விதம், அதாவது திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, செய்யாவிட்டால் பாவம் செய்ததுபோல நெஞ்சு படபடப்பது, போன் செய்தால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி அதே சந்தேகம் என்பதெல்லாம், ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்று நாங்கள் சொல்லும் பிரச்சினையோடு ஒத்துப்போகிறது. பக்தியுள்ளவர்களுக்கு அது வரும்போது பக்தியின் பாஷையிலேயே பேசும். அதனால் வந்திருப்பது என்ன என்று அடையாளம் தெரிவதில்லை. திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1505இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த பிறகு மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம். முடித்து வெளியே வந்ததும் ஏதோ விட்டுப்போனது ஞாபகம் வந்து திரும்பப் போவாராம். துறவற சபையில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஸ்டாபிட்ஸ், கிறிஸ்துவைப் பார் என்று அவர் முகத்தை வேறு பக்கம் திருப்ப எவ்வளவோ பாடுபட்டார். லூத்தருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. தேர்ந்த உளவியலாளர் ஒருவரின் துணையோடு, பயம் வரும் இடத்தில் நின்று, சரிபார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழகுவதுதான் அதன் மையம். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். ஜெபத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வது விசுவாசக் குறைவு ஆகாது. சிவப்பணு எண்ணிக்கை குறைந்தவரிடம் இரும்புச் சத்து மாத்திரை வேண்டாம், ஜெபம் மட்டும் பண்ணுங்கள் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்களே.

இப்போதைக்கு ஒரு வரையறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேபின் எழுத்துப்பூர்வமான நடைமுறை எத்தனை முறை பார்க்கச் சொல்கிறதோ, அத்தனை முறை மட்டும், முழுக் கவனத்தோடு. பெயர் ஒன்று, இன்னொரு அடையாளம் ஒன்று, நோயாளியின் பக்கத்தில் நின்று ரத்தம் எடுத்த பிறகு லேபிள். இப்படி நடைமுறை மாறினதே உங்கள் அன்றைய தவற்றால்தான். அந்தத் தவறு லேபுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. உங்களுக்கு மட்டும் அது இன்னும் கடனாகவே நிற்கிறது.

வேலைக்கு முடிவு உண்டு என்பதையும் வேதத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் நாளில் தேவன் வெளிச்சத்தை மட்டும்தான் உண்டாக்கினார். காய்ந்த தரை இல்லை, ஒரு புல் இல்லை, ஒரு பறவை இல்லை. ஆனாலும் "வெளிச்சம் நல்லது என்று தேவன் கண்டார்". சாயங்காலமும் வந்தது. நாளைய வேலை நாளைக்கு. இன்னும் முடிந்திராத ஒன்றைப் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டு நிறுத்துவது தேவனுக்கே தகும் என்றால் உங்களுக்குத் தகாதா? 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதின ஒழுங்கிலும், மடத்தின் பாத்திரம் பண்டங்களை எல்லாம் பலிபீடத்தின் பாத்திரங்களைப்போல மதித்துக் கையாள வேண்டும் என்று ஒரு இடத்தில் இருக்கிறது. ஜெபத்துக்கான மணி கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும் என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே மனிதர் எழுதினது. அவ்வளவு மதிப்பாக வேலையைக் கையாளத் தெரிந்தவர்தான் அதைக் கீழே வைக்கவும் சொல்கிறார்.

கடிதத்தில் நான்கு வரி

சகோதரி, இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். யாருக்கும் பாதிப்பில்லாமல், அன்றே சரியாகி, விசாரணையும் முடிந்த லேபிள் விஷயத்துக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கன்ட்ரோல் விஷயத்துக்கு நான்கு வரி. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட குற்றவுணர்வின் பெரிய ஆபத்தே இதுதான். அது சத்தம் போடுகிற இடத்தில் தப்பு இருக்காது, தப்பு இருக்கிற இடத்தில் அது சத்தம் போடாது. இரண்டு வருடமாக அதன் சத்தத்தில், மனச்சாட்சி உண்மையாகப் பேச வேண்டிய இடத்தில் அதன் குரல் உங்களுக்குக் கேட்காமல் போயிருக்கிறது.

வாசகர்களுக்காக ஒரு வரி விளக்கம். கன்ட்ரோல் என்பது அளவு முன்கூட்டியே தெரிந்த திரவம். அதை மெஷினில் போட்டு, தெரிந்த அளவையே மெஷின் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளின் ரத்தத்தைப் போட வேண்டும். அளவு வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை எஸ்டி என்ற அலகில் சொல்வார்கள். இரண்டு எஸ்டி எல்லையைத் தாண்டுவது, மெஷின் நன்றாக இருக்கும்போதும் சுமார் இருபதில் ஒரு தடவை தற்செயலாக நடக்கும். மூன்று எஸ்டியைத் தாண்டுவது அப்படியல்ல, ஆயிரத்தில் மூன்று தடவைதான். நீங்கள் எழுதியிருப்பது மூன்றைத் தாண்டின கதை. அப்போது செய்ய வேண்டியது எது என்று எனக்கு நீங்கள் பாடம் எடுப்பீர்கள்: நிறுத்தி, காரணம் பார்த்து, கேலிபரேஷனா (அளவுத் திருத்தமா), ரியேஜென்டா (சோதனை ரசாயனமா), மெஷினா என்று கண்டுபிடித்து, சரிசெய்து, கடைசியாகக் கன்ட்ரோல் சரியாக இருந்த நேரத்துக்குப் பிறகு போன ரிப்போர்ட்களையும் திரும்பப் பார்ப்பது. எல்லைக்குள் வரும்வரை ஐந்து முறை போட்டு, வந்ததை மட்டும் எழுதினால், அது தராசின் தட்டை விரலால் அழுத்துகிற வேலை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகளில் வாசிக்கிறோம். அந்தக் காலத்து நிறைகல்தான் இந்தக் காலத்துக் கன்ட்ரோல்.

கீழ்ப்படிதல் என்று சொல்லியிருக்கிறீர்கள். மேலதிகாரிக்குக் கீழ்ப்படிவது நேர்மையான கட்டளைக்கு. பொய்யை எழுதச் சொன்னால் கீழ்ப்படிவது கடமை ஆகாது. எகிப்தின் மருத்துவச்சிகள் பார்வோன் சொன்னதைச் செய்யவில்லை. வேதம் அவர்களைக் கண்டிக்கவில்லை, தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே எழுதுகிறது.

என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதுகிறேன். உங்கள் நாட்டுச் சட்டமும் நியமன உத்தரவும் என் கையில் இல்லை. அதனால் கடைசி அடி எடுத்து வைக்குமுன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ உங்கள் சங்கத்தையோ ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

முதல் வேலை, அந்த இரண்டு நாட்களைப் பற்றி ரிப்போர்ட்களுக்குப் பொறுப்பான மருத்துவரிடம், அதாவது நோய்க்குறியியல் மருத்துவரிடம், நீங்களே போய்ச் சொல்வது. ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். சரி. ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது மறுபடி சோதனை தேவையா என்று முடிவு செய்யக்கூடியவர் அந்த மருத்துவர். இதைச் சொல்வதில் உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டேன். கையெழுத்து உங்களுடையது. எச்சரிக்கைக் கடிதம் வரலாம், அதைவிடப் பெரிதாகவும் வரலாம். ஆனால் வேறு யாராவது கண்டுபிடித்த பிறகு வருவதைவிட, தானாக வந்து சொன்னவர் என்ற நிலையில் நிற்பது சட்டப்படியும் பலமானது.

சொல்லும்போது யாரையும் குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். "இன்ன தேதியில் இன்ன கன்ட்ரோல் எல்லையைத் தாண்டியது, இத்தனை முறை போடப்பட்டது, இது பதிவாகவில்லை, என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டுங்கள்." நேரில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள். உங்களுக்காகத் தேதியோடு ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோயாளிகளின் பெயரோ ரிப்போர்ட் நகலோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும்.

இனிமேல் அதே மாதிரி சொன்னால், "எழுத்தில் கொடுத்துவிடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மருத்துவ லேப்களுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 15189, கன்ட்ரோல் விதி மீறப்பட்டு ரிப்போர்ட்டில் பெரிய பிழை இருக்கலாம் என்றால் அந்த முடிவுகளை நிராகரித்து மறுபடி சோதிக்கத்தான் சொல்கிறது. உங்கள் லேப் அந்த அங்கீகாரம் பெற்றிருந்தால், நீங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவர்களே ஒப்புக்கொண்ட விதியை ஞாபகப்படுத்துகிறீர்கள்.

கேட்டால் பெருமையா?

இதில் உங்கள் எண்ணம் எனக்குப் புரியவே இல்லை, ஏனென்றால் நீங்கள் உதாரணமாகச் சொல்லும் யோசேப்பே கேட்டவர். பதினேழு வயதில் விற்கப்பட்டவர் முப்பது வயதில்தான் பார்வோன்முன் நிற்கிறார். இடையில் பதின்மூன்று வருடம். போத்திபார் வீட்டிலும் குறையில்லாமல் வேலை செய்தார், கிடைத்தது சிறை. சிறையிலும் குறையில்லாமல் வேலை செய்தார். அங்கே பானபாத்திரக்காரனிடம், என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல்லி என்னை இந்த வீட்டிலிருந்து விடுதலையாக்கு, நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று நேராகக் கேட்டார். பவுலும், அதிகாரிகள் தன்னை விசாரணையில்லாமல் அடித்தபிறகு இரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று சொன்னவர்தான்.

இந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. நன்றாக வேலை செய்தால் உயர்வு வந்தே தீரும் என்று வேதம் உறுதி தரவில்லை. "தன் வேலையில் ஜாக்கிரதையாயிருக்கிற மனுஷன் ராஜாக்களுக்கு முன்பாக நிற்பான்" என்ற நீதிமொழியை நீங்கள் ஒப்பந்தப் பத்திரம்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது பொதுவாக உலகம் போகிற போக்கைச் சொல்வது. ஆகவே கேளுங்கள். உங்கள் 16 வருடம், நீங்கள் பயிற்சி கொடுத்தவர்கள், மாற்றிக் கொடுத்த நடைமுறைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, "எந்த அளவுகோலில் நான் விடுபட்டேன், அடுத்த முறைக்கு என்ன தேவை" என்று கேளுங்கள். கன்ட்ரோல் விஷயத்தையும் இதையும் ஒரே நாளில், ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். ஒன்றை வைத்து ஒன்றை மிரட்டுகிறீர்கள் என்று திரிக்க இடம் கொடுத்துவிடும்.

ஓவர்டைம் பற்றிச் சுருக்கமாக. வேலை அதிகம் என்றால் அது எழுத்தில் தெரிய வேண்டும். நீங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்து முடித்துக்கொடுத்தால், ஆள் போதவில்லை என்பது நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாது. களைத்த கண் லேபிளைத் தவறாகப் படிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அந்த ஜூனியர்

எத்திரோ மருமகன் மோசேயைப் பார்க்க வந்தபோது, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே ஆள் உட்கார்ந்து எல்லா வழக்கையும் தீர்ப்பதைப் பார்த்தார். பாராட்டவில்லை. "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்றார். உம்மோடே இருக்கிற ஜனங்களும் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் சுமந்தால் சுற்றியுள்ளவர்களும் ஓய்ந்துபோவார்கள். அந்தப் பெண் செய்து முடித்ததை நீங்கள் மறுபடி செய்யும்போது, "உன்னால் முடியாது" என்று ஒவ்வொரு நாளும் அவளிடம் சொல்லாமல் சொல்கிறீர்கள். நடுங்குகிற கை நரம்பைத் தப்பவிடும், ரத்தத்தை வேகமாக இழுக்கும், சிவப்பணு உடையும். நீங்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒதுக்குகிற ரோஜா நிற டியூப்களில் சில, உங்கள் குரலால் வந்தவையாக இருக்கலாம்.

இது சொல்ல வலிக்கிறது, உங்களுக்கு வாசிக்கவும் வலிக்கும். ஆனால் நீங்கள் அவளிடம் போய், "எனக்குள்ள ஒரு பயம் இருக்கும்மா, அதை உன் மேல காட்டிட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லக்கூடியவர் என்று உங்கள் எழுத்து சொல்கிறது. பிறகு, டியூபை எப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுங்கள். அவள் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். அவள் சரி என்றால் சரி. மறுபடி அதைக் கையில் எடுக்காதீர்கள். உங்களுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். நான் மேலே சொன்ன சிகிச்சையின் முதல் பாடமும் ஏறக்குறைய இதுதான்.

ஊழியத்துக்குப் போகலாமா

நீங்கள் ஏற்கெனவே ஊழியத்தில்தான் இருக்கிறீர்கள் என்று எழுதினால் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் யாத்திராகமம் 31ஐத் திறந்து பாருங்கள். பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார் தேவன். எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, ரத்தினக் கற்களை வெட்டிப் பதிக்க, மரத்தில் சித்திர வேலை செய்ய. பிரசங்கம் செய்ய அல்ல. இயேசுவையும் ஊரார் "இவன் தச்சனல்லவா" என்றுதான் அடையாளம் சொன்னார்கள். செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் அவரவர் தொழிலில் இருந்துகொண்டே ஆசாரியர்கள் என்று லூத்தர் 1520இல் எழுதினார். மடத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்த அதே லூத்தர்தான்.

முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. வரும், பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் தூக்கமில்லாத, குற்றவுணர்வு துரத்துகிற ஒரு மனத்தில், அழைப்பையும் ஓடிப்போகும் ஆசையையும் பிரித்தறிய முடியாது. உங்கள் பயம் லேபில் இல்லை, உங்களோடு இருக்கிறது. ஊழியத்துக்குப் போனால் லேபிளுக்குப் பதில் ஆத்துமாக்களை இரவு இரண்டு மணிக்கு எண்ணுவீர்கள்.

அதனால் இந்த முடிவை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். இந்த வாரம் மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் நேரம் வாங்குங்கள். நோய்க்குறியியல் மருத்துவரைச் சந்தியுங்கள். கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் சொன்னது முரட்டுத்தனமாக இருந்தாலும், அவர் உங்களைத் தேடுகிறார் என்றுதான் எனக்குக் கேட்டது. ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிடத்துக்குள் வாசலில் வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள், முதல் இரண்டு வாரமாவது. இரவு விழிப்பு வந்தால் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்ற 127ஆம் சங்கீதத்தின் வரியை, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வசனத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த ஜூனியர் பெண்ணின் கை இப்போது எப்படி இருக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.